ஆண்டர்சன் கொட்டகையின் ஈரத் தரை

இந்த வாரம் ஒரு தரையைப் பத்திப் பேசப் போறேன். அரண்மனைத் தரையோ கோயில் தளமோ இல்லைங்க. இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் நிற்கிற தகரக் கொட்டகையோட தரை. ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம். நம்ம வீட்டு ஸ்டோர் ரூமைவிடச் சின்னது. ஆனா அந்தத் தரைக்குப் பின்னாடி ஒரு போரும், லட்சக்கணக்கான குடும்பங்களும் இருக்காங்க.

2022-ல் ஆபீஸ் வேலையா கவென்ட்ரி நகரத்துக்குப் போய் 14 மாசம் தங்கியிருந்தேன். ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு அறை. வீட்டுக்காரருக்கு வயசு எழுபதுக்கு மேல். அவரை நேர்ல பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், அங்கே வழக்கம் அப்படி. ஆனா இங்கே தாத்தான்னே சொல்றேன், எனக்கு அதுதான் வாயில் வருது.

அவர் தோட்டத்துக் கோடியில் அந்தக் கொட்டகை. நெளி தகரத்தை வில் மாதிரி வளைச்சு, சுவரும் கூரையும் ஒண்ணா இருக்கும். கீழே ரெண்டு வரிசை செங்கல், உள்ளே வெறும் மண்தரை. ஒருநாள் அதுக்குள்ள இருந்து ஒரு பழைய டிரங்குப் பெட்டியை வெளியே தூக்கினோம். அடிப்பக்கம் துருப்பிடிச்சு அப்படியே உதிர்ந்து விழுந்தது. உள்ளே தாத்தாவோட அம்மாவின் பொருள்கள். போர்க்கால ரேஷன் புத்தகம், பள்ளி நோட்டுகள், சில போட்டோக்கள். மேலே இருந்ததெல்லாம் தப்பிச்சது. அடியில் இருந்த காகிதம் ஊறின அப்பளம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போயிருந்தது. கூரையில் ஒரு ஓட்டைகூட இல்லை. ஈரம் முழுக்கக் கீழே இருந்து வந்தது.

நான் படிச்சது மெக்கானிக்கல், செய்யறது சாஃப்ட்வேர். ரெண்டும் சேர்ந்தா எதுக்கும் உடனே ஒரு தீர்வு சொல்ற வியாதி வந்துடும். "அஞ்சாறு அங்குலத்துக்கு நல்லா கான்கிரீட் கொட்டிட்டா முடிஞ்சது"ன்னு சொன்னேன். தாத்தா சிரிச்சார். "எங்க தாத்தாவும் 1940-ல இதேதான் நினைச்சார். இதே தகரத்துக்கு அடியில்."

அப்பதான் தெரிஞ்சது, அது சாதாரணக் கொட்டகை இல்லை. அது ஒரு ஆண்டர்சன் ஷெல்டர்.

குழிக்குள் ஒரு கூடு

1938. ஐரோப்பாவில் போர் வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் விமானங்கள் ஊர்களை என்ன செய்தன என்பதை உலகம் பார்த்துவிட்டது. பிரிட்டனில் வான்வழித் தாக்குதல் தற்காப்புக்குப் பொறுப்பேற்றவர் சர் ஜான் ஆண்டர்சன். நமக்கு அறிமுகமான ஆள்தான். 1932 முதல் 1937 வரை வங்காள மாகாண ஆளுநராக இருந்தவர். 1934-ல் டார்ஜிலிங் பக்கத்தில் லெபாங் குதிரைப் பந்தயத் திடலில் அவரைச் சுட முயன்று, அவர் தப்பித்தார்.

வில்லியம் பேட்டர்சன், ஆஸ்கர் கார்ல் கெரிசன் என்ற இரு பொறியாளர்கள் 1938-ல் ஒரு வடிவத்தைக் கொடுத்தார்கள். துத்தநாகம் பூசிய நெளி எஃகுத் தகடுகள், ஆறு வளைந்தவை, மற்றவை நேரானவை. மொத்தம் 14. போல்ட் போட்டு முடுக்கினால் கூடு தயார். தோட்டத்தில் நாலடி ஆழத்துக்குக் குழி தோண்டி அதில் இறக்கி, மேலே 15 அங்குலம் மண்ணைப் போட்டு மூட வேண்டும். உள்ளே ஆறு பேர் இருக்கலாம்.

யோசனை எளிமையானது. வளைந்த தகடு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும். சுற்றியுள்ள மண் குண்டுச் சிதறல்களைத் தடுக்கும். நேராக மேலேயே குண்டு விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் விழுந்தால் உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல தெருக்களில் வீடு தரைமட்டமாகி, தோட்டத்துக் குழியிலிருந்து குடும்பம் முழுசாக வெளியே வந்தது.

1939 பிப்ரவரி 25-ல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் முதல் கூடு நிறுவப்பட்டது. ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண்டு. செப்டம்பரில் போர் தொடங்கியபோது சுமார் 15 லட்சம் கூடுகள் விநியோகமாகியிருந்தன. போர்க்காலத்தில் இன்னும் 20 லட்சத்துக்கு மேல் போட்டார்கள்.

இங்கே கவனிங்க. அந்தப் பொட்டலத்தில் தகடு வந்தது, போல்ட் வந்தது, அதை முடுக்க ஸ்பேனர் வந்தது. தரை வரலை. குழியின் அடி மண்தான் தரை.

சட்டம் தடுத்த இடம்

இதில் ஒரு பெரிய வினோதம் இருக்கு. ஈரத் தரை ஆபத்துன்னு உலகத்துக்கே சட்டம் போட்டுக் காட்டிய நாடு பிரிட்டன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூல், மான்செஸ்டர் மாதிரி தொழில் நகரங்களில் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் நிலவறைகளில் வாழ்ந்தன. மண்தரை, சன்னல் கிடையாது, மழை பெய்தால் சாக்கடை உள்ளே வரும். 1847-ல் லிவர்பூல் நகரம் டாக்டர் டங்கனைச் சுகாதார அதிகாரியாக நியமித்தது. பிரிட்டனில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர். அவர் முன்னால் இருந்த பெரிய பிரச்சினைகளில் ஒன்று இந்த நிலவறைகள்.

1862-ல் அமெரிக்காவில் ஹென்றி பௌடிட்ச், 1867-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் புகானன், ரெண்டு மருத்துவர்களும் தனித்தனியா ஒரே முடிவுக்கு வந்தார்கள். மண்ணில் ஈரம் அதிகமுள்ள இடங்களில் காசநோயும் அதிகம். அந்த ஈரமே நோயை உண்டாக்குகிறது என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மைக் காரணம் தெரிந்தது.

ஆனால் அதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. 1875 பொதுச் சுகாதாரச் சட்டம், அதன் பிறகு கட்டப்படும் நிலவறைகளில் மக்கள் குடியிருப்பதைத் தடை செய்தது. 1877-ல் வந்த மாதிரி விதிகள், புது வீட்டுச் சுவருக்குள் ஈரம் மேலே ஏறாதபடி ஒரு தடுப்பு அடுக்கு வைக்கச் சொன்னன. நிலம் ஈரமாக இருந்தால் வீட்டின் அடிநிலம் முழுவதும் தார்த்தளமோ ஆறு அங்குலக் கான்கிரீட்டோ போட வேண்டும் என்றன. காரணம் பாதி தப்பு, விதி சரி. எங்க ஆபீஸ்லயும் அப்படிச் சில கோடு இருக்கு. எழுதினவர் சொன்ன காரணம் தப்பா இருக்கும், ஆனா எடுத்தா எல்லாம் உடைஞ்சுடும்.

நிலத்துக்கடியில் ஈரத்தில் மனுஷன் வாழக்கூடாதுன்னு 1875-ல் சட்டம் போட்ட நாடு, 64 வருஷம் கழிச்சு மக்களுக்குத் தகடு கொடுத்து, நாலடி குழி தோண்டி உள்ளே போங்கன்னு சொன்னது. குண்டுக்கு முன்னால வேற வழியில்லை, அது நியாயம். ஆனா பழைய பாடமும் அந்தக் குழிக்குள்ளேயே புதைஞ்சு போச்சு.

கணக்கில் வராத ராத்திரிகள்

ஏன் தரையை யோசிக்கலை? திட்டம் போட்டவங்க மனசில் இருந்த தாக்குதல் வேறு மாதிரி. விமானம் வரும், சங்கு ஊதும், ஓடி உள்ளே போவோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம், வெளியே வருவோம். கொஞ்ச நேரத்துக்கு ஈரம் ஒரு விஷயமா?

நடந்தது அது இல்லை. 1940 செப்டம்பர் 7 தொடங்கி லண்டன் மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. பெரும்பாலும் இருட்டினதிலிருந்து விடியும்வரை. உட்காருவதற்காகச் செய்த கூடு, தூங்குகிற அறையாகிவிட்டது. அதுவும் இலையுதிர் காலத்து மழையில், பிறகு குளிர்காலத்தில்.

மழை பெய்தால் நிலத்தடி நீர் ஏறும். நாலடி ஆழக் குழி கிணறு மாதிரி நிரம்ப ஆரம்பிக்கும். பல வீடுகளில் தரை மூலையில் இன்னொரு சின்னப் பள்ளம் தோண்டி, அதில் தேங்கும் நீரை வாளியால் மொண்டு வெளியே ஊற்றினார்கள். மேலே தகரத்தில் வேறொரு பிரச்சினை. ஆறு பேர் மூச்சு விட்டால் அந்த நீராவி குளிர்ந்த எஃகில் பட்டு, சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். கீழேயும் ஈரம், மேலேயும் ஈரம்.

1940 நவம்பர் தொடக்கத்தில் லண்டனில் ஓர் இரவு யார் எங்கே தூங்குகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் 4 சதவீதம், பொதுக் காப்பிடங்களில் 9 சதவீதம், வீட்டுக் காப்பிடங்களில் 27 சதவீதம். மீதிப் பேர், அதாவது பாதிக்கு மேல், இவை எதிலுமே இல்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தோட்டம் இல்லாதவர்கள் இருந்தார்கள், விதிப்படி நடக்கட்டும் என்றிருந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஈரமும் குளிரும் அந்தக் காலத்து மக்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணங்கள்.

தாத்தாவோட அம்மாவுக்கு அப்போ ஒன்பது வயசு. தம்பிக்கு மூணு வயசு, மார்ச்சளி. செப்டம்பரிலேயே ஷெல்டரில் கணுக்கால் அளவு தண்ணீர். அவங்க அப்பா எங்கேயோ சிமென்ட் தேடிப் பிடிச்சு, தரையில் நாலு அங்குலம் கான்கிரீட் போட்டார். ரெண்டு வாரம் நல்லா இருந்தது. அப்புறம் தரையும் தகரமும் சந்திக்கிற ஓரத்தில் தண்ணீர் கசிய ஆரம்பிச்சது. குழந்தைக்கு இருமல் நிக்கலை. அவங்க அம்மா ஒருநாள் முடிவா சொல்லிட்டாங்க, "குண்டு விழுமா விழாதான்னு தெரியாது, இந்தக் குழி இவனைக் கொல்லும்னு தெரியும்." அதுக்கப்புறம் சங்கு ஊதினா மாடிப்படிக்கு அடியில் ஒண்டிக்குவாங்க.

1940 நவம்பர் 14. பௌர்ணமி வெளிச்சம். கவென்ட்ரி மேல் கிட்டத்தட்ட 11 மணி நேரம் குண்டு விழுந்தது. பழைய தேவாலயம் எரிந்து சுவர்கள் மட்டும் மிஞ்சின. 568 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். அந்த 11 மணி நேரமும் அந்தக் குடும்பம் படிக்கு அடியில்தான் இருந்தது. பத்தடி தூரத்தில், தோட்டத்தில், அரசாங்கம் கொடுத்த எஃகுக் கூடு தண்ணீர் நிறைஞ்சு காலியா இருந்தது. அவங்க பிழைச்சாங்க. அது அதிர்ஷ்டம்னு தாத்தாவே சொல்றார்.

இதை அவர் சொல்லும்போது எனக்கு எங்க வேலைதான் ஞாபகம் வந்தது. குண்டுக்கு டெஸ்ட் பண்ணாங்க. எடைக்கு டெஸ்ட் பண்ணாங்க. மூணு வயசுக் குழந்தை நவம்பர் மாசம் ராத்திரி முழுக்க அதில் தூங்குமான்னு யாரும் டெஸ்ட் பண்ணலை. மக்கள் நுழைய மறுக்கிற காப்பிடம் எவ்வளவு பலமா இருந்தாலும் அது யாரையும் காப்பாத்தாது.

அரசும் பாடம் படித்தது. பல ஊர்களில் உள்ளாட்சிகள் குழிகளின் உட்புறத்தைக் கான்கிரீட்டால் தொட்டி மாதிரி பூசிக் கொடுத்தன. 1941 மார்ச்சில் மாரிசன் ஷெல்டர் வந்தது. ஜான் பேக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்த எஃகுக் கூண்டு. வீட்டுக்குள்ளேயே வைக்கலாம், பகலில் சாப்பாட்டு மேசை, ராத்திரி உள்ளே படுக்கை. அதுக்குத் தரைப் பிரச்சினையே கிடையாது, வீட்டோட உலர்ந்த தரையே போதும். அந்த வருஷ முடிவுக்குள்ள அஞ்சு லட்சத்துக்கு மேல் கொடுத்தாங்க.

கான்கிரீட் ஏன் போதலை

அந்த அப்பா செஞ்சதில் என்ன தப்பு? கொஞ்சம் கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான்.

குழி ஆழம் 1.2 மீட்டர். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்துட்டா, குழியின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1.2 டன் விசையில் தண்ணீர் மேலே தள்ளும். அடிப்பரப்பு சுமார் 2.8 சதுர மீட்டர். ஆக, மூணு டன்னுக்கு மேல். நாலு அங்குலக் கான்கிரீட்டோட மொத்த எடை முக்கால் டன்கூட வராது. அது தரை இல்லை, ஒரு மூடி. தண்ணீர் அதைத் தள்ளும், ஓரத்தில் வழி தேடும். தரையும் சுவரும் ஒரே தொட்டியா சேர்ந்து இருந்தாத்தான் தாங்கும்.

சரி, தோட்டத்தில் தரைமட்டத்திலேயே இருக்கிற கொட்டகைக்கு அந்த அழுத்தம் இல்லையே? இல்லை. ஆனா அங்கே வேற ஒரு திருடன். விளக்குத் திரியில் எண்ணெய் மேலே ஏறுதில்லையா, அதே விஷயம். மண்ணுக்குள்ள இருக்கிற நுண்ணிய இடுக்கு வழியா தண்ணீர் தானா மேலே ஏறும். களிமண்ணில் மீட்டர் கணக்கில் ஏறும். மணலில் கொஞ்சம்தான். பெரிய ஜல்லியில் ஏறவே ஏறாது, இடுக்கு பெருசா இருக்கிறதால. கான்கிரீட்டைப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கும், ஆனா அதுக்குள்ளயும் நுண்துளைகள் உண்டு. ஈர மண் மேல் நேரா கான்கிரீட் கொட்டினா அதுவும் ஒரு தடிமனான திரிதான். நெல் மூட்டையை சிமென்ட் தரையில் நேரா போடாம கட்டை மேல் அடுக்கறாங்களே, அது இதுக்குத்தான்.

திடமான தரை வேறு, உலர்ந்த தரை வேறு. பலம் ஒரு அடுக்கோட வேலை, ஈரத்தைத் தடுக்கிறது வேற அடுக்கோட வேலை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ் இதை எழுதியிருக்கார். கிரேக்கர்களோட குளிர்கால உணவறைத் தரைக்கு ரெண்டடி தோண்டி, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, உடைகல்லோ செங்கல் தூளோ வடிகால் பக்கம் சரிவா பரப்பி, அதுக்கு மேல் கரியை மிதிச்சு நிரப்பி, கடைசியா சுண்ணாம்பும் மணலும் சாம்பலும் கலந்த தளம். கிண்ணத்திலிருந்து கொட்டினது உடனே காய்ஞ்சிடும், வெறுங்காலோட நடக்கிற வேலைக்காரங்களுக்கும் குளிராதுன்னு சொல்றார். தரையின் நல்லது கெட்டதை வெறுங்காலை வச்சு அளந்திருக்கார் பாருங்க.

வெள்ளை மெழுகு

இனி இன்னொரு தற்செயல். 1933 மார்ச் மாதம், இங்கிலாந்தின் நார்த்விச் ஊரில், ஐசிஐ நிறுவன ஆய்வகத்தில் ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் என்ற இரு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாத்திரத்தில் வெள்ளை மெழுகு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் பாலித்தீன். திரும்பத் திரும்ப அதை நம்பகமாகத் தயாரிக்கும் வழி 1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் மூலம் கிடைத்தது. தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய நாள் 1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாள்.

போரில் அந்தப் பாலித்தீன் ரேடார் கேபிள்களுக்குப் போனது. அதிக அதிர்வெண்ணில் மின்சாரம் கசியாமல் காக்க அதைவிட நல்ல பொருள் அன்று இல்லை. விமானத்தில் பொருத்தும் அளவுக்கு ரேடார் சின்னதாக அது ஒரு காரணம். ராத்திரி குண்டு போட வந்த விமானங்களை இருட்டில் தேடிப் பிடிக்க அது உதவியது. போர் முடிந்த பிறகுதான் அதே பொருள் மலிவான விரிப்பாக மாறி, கட்டடத் தரைகளுக்கு அடியில் ஈரத் தடுப்பாக இறங்கியது. இன்றைக்கு பிரிட்டனில் புது வீட்டுக் கான்கிரீட் தரை என்றால் அந்த விரிப்பு இல்லாமல் பார்ப்பது அரிது.

1940-ல் அது இருந்திருந்தா ஷெல்டர் எல்லாம் காய்ஞ்சிருக்குமான்னு கேட்டா, முழுசா இருக்காது. மூணு டன் தண்ணீர் அழுத்தத்தை ஒரு விரிப்பு மட்டும் தாங்காது. ஆனா திரி மாதிரி ஏறுற ஈரத்துக்கு அதைவிட மலிவான எதிரி இன்னிக்கும் கிடையாது.

நாங்க போட்ட தரை

போர் முடிஞ்சதும் அரசு அந்த எஃகைத் திரும்பச் சேகரிச்சது. வேணும்னா சின்னத் தொகை கட்டி வச்சுக்கலாம். நிறைய பேர் வச்சுக்கிட்டாங்க. குழியிலிருந்து தோண்டி எடுத்து, தரைமட்டத்தில் நிறுத்தி, கோழிக்கூடு, சைக்கிள் கொட்டகை, தோட்டச் சாமான் வைக்கிற இடம்னு ஆக்கிட்டாங்க. தாத்தாவோட வீட்லயும் அப்படித்தான். குண்டு போச்சு, மண்தரை மட்டும் மாறாம இருந்தது.

நாங்க ரெண்டு பேரும் மூணு சனிக்கிழமை வேலை பார்த்தோம். முதல்ல மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தோம். வேரும் இலையும் இருக்கிற மண் மக்கி அமுங்கும், அது மேல் எதுவும் நிக்காது. அப்புறம் 10 சென்டிமீட்டர் உடைசெங்கலும் ஜல்லியும் போட்டு, திமிசுக்கட்டையால் அடி அடின்னு அடிச்சோம். திரி அறுபடுறது இந்த அடுக்கில்தான். அது மேல் ரெண்டரை சென்டிமீட்டர் மணல், கல்லு முனை விரிப்பைக் குத்தாம இருக்க. அது மேல் 300 மைக்ரான் பாலித்தீன், ஓரத்தில் செங்கல் மேல் ஏத்தி மடிச்சு விட்டோம். நடுவில் நான் மண்வெட்டியோட அது மேல் நடந்து ஒரு ஓட்டை போட்டேன். சின்ன ஓட்டைதானேன்னேன். தாத்தா ஒண்ணும் பேசாம டேப்பை எடுத்து நீட்டினார். 10 சென்டிமீட்டர் கான்கிரீட் கடைசியில்தான். ரசமட்டம் வச்சுப் பார்த்தோம். வெளி மண்ணைவிடத் தரை ஏழரை சென்டிமீட்டர் உயரம், மழைநீர் உள்ளே ஓடி வராது.

ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு மூடி வச்சோம். பொறுமையைச் சோதிக்கிறது அதுக்கப்புறம்தான். கான்கிரீட் இறுகறதும் காயறதும் ஒண்ணு இல்லை. அங்குலத்துக்கு ஒரு மாசம்னு ஒரு பழைய கணக்கு உண்டு, எங்க தரைக்கு நாலு மாசம். காய்ஞ்சதான்னு பார்க்க ஒரு பிளாஸ்டிக் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்க்கணும். அடியில் வியர்த்திருந்தா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

அதுக்குள்ள எனக்கு ஊருக்குத் திரும்புற நாள் வந்துடுச்சு. பிப்ரவரியில் தாத்தா ஒரு போட்டோ அனுப்பினார். தரையில் ஒட்டின பிளாஸ்டிக் துண்டு, அடியில் ஒரு துளி இல்லை. ஆனா டிரங்குப் பெட்டியை இன்னும் அங்கே கொண்டுபோய் வைக்கலை. அது வீட்டுக்குள்ள, மாடிப்படிக்கு அடியில்தான் இருக்காம். "இன்னும் ஒரு குளிர்காலம் பார்த்துட்டு வைக்கிறேன்"னு எழுதியிருந்தார்.

உங்க வீட்டில் தரை வழியா ஈரம் ஏறுற ஒரு மூலை இருக்கும். அங்கே யாரோட பெட்டி இருக்குன்னு இன்னிக்கே ஒரு தடவை தூக்கிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.